மலைப்பாதை மாரத்தான்: ஏற்றத்துக்கு முன் இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. சமதளத் தார்ச்சாலையில் இதுவரை மூன்று மாரத்தான்கள் ஓடியிருக்கிறேன். கடைசியாக ஓடியதற்கு 4 மணி 40 நிமிடம் ஆனது. மூன்றிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. இப்போது என் தோழி, குன்றுகளும் வயல்வெளிகளும் நிறைந்த நாட்டுப்புறப் பாதையில் நடக்கும் ஒரு மாரத்தானுக்குத் தன் பெயரோடு என் பெயரையும் பதிவு செய்துவிட்டாள். மொத்த ஏற்றம் 950 மீட்டர். காலை 7 மணிக்குத் தொடக்கம், ஓடி முடிக்க ஏழரை மணி நேரம் தருகிறார்கள். இன்னும் 16 வாரங்கள் இருக்கின்றன. இம்முறை மகிழ்ச்சிக்காக மட்டுமே ஓட விரும்புகிறேன். அப்படியானால் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாமா? ஏற்றத்தில் நடந்தால் அதை ஓட்டம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? மாடிப்படி இறங்கும்போது வலது முழங்காலின் முன்பக்கம் சில சமயம் வலிக்கிறது. இறக்கங்களை அது தாங்குமா? நான் வசிக்கும் இடத்தில் மலையே கிடையாது. கடைசியாக ஒன்று: முடிவுக்கோட்டுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கான பதில் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். பயிற்சியைக் குறைக்க முடியாது, மாற்றிக்கொள்ளலாம். நேரத்தைக் குறிவைத்து ஓடுபவர், உடல் முழுதாகத் தயாராகாவிட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி முடித்துவிடுவார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது முடிவுக்கோட்டில் காத்திருக்கும் ஓர் எண். உங்களுக்கு வேண்டியதோ வழிநெடுகக் கிடக்கிறது. முப்பதாவது கிலோமீட்டரில் ஒவ்வோர் அடிக்கும் தொடை நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு, எதிரே எவ்வளவு அழகான பள்ளத்தாக்கு விரிந்திருந்தாலும் கண் தரையை விட்டு எழாது. ஆகவே மகிழ்ச்சிக்காக ஓடுபவருக்குத் தயாரிப்பு ஒரு பிடி கூடுதலாகவே தேவை என்பதுதான், இயன்முறை மருத்துவராகவும் ஓட்டப் பயிற்சியாளராகவும் நான் வந்து சேர்ந்திருக்கும் கருத்து. மைதானத்தைச் சுற்றி மூச்சிரைக்கச் செய்யும் வேகப் பயிற்சிகளை நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம். அவை இருந்த இடத்தில் இறக்கப் பயிற்சியை வையுங்கள்.

ஏற்றப் பயிற்சி என்று சொல்லாமல் இறக்கப் பயிற்சி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதை நான் என் சொந்தத் தவற்றிலிருந்து கற்றேன். முதன்முதலாக ஒரு குன்றுப்பாதை மாரத்தானில் ஓடியபோது, அதற்கு முந்தைய மாதங்களில் ஏற்றங்களை விழுந்து விழுந்து பழகியிருந்தேன். போட்டியன்று ஏற்றங்களில் நிதானம் காத்து, இழந்த நேரத்தையெல்லாம் இறக்கங்களில் மீட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி, கால்களைத் தாறுமாறாக ஓடவிட்டேன். மூச்சு வாங்கவே இல்லை. இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் ஒரு சிறிய சரிவில் இறங்கத் தொடங்கியபோது தொடைகள் திடீரென்று என்னுடையவை அல்லாதவைபோல் மடங்கின. கடைசிக் குன்றின் இறக்கத்தைப் பின்பக்கமாகத் திரும்பி நடந்துதான் கடந்தேன். மற்றவர்களுடைய தசைகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் ஒருவனுக்கு அது அவ்வளவு கௌரவமான காட்சி அன்று.

நடந்தது இதுதான். ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை, உடல் சரிந்து விழாமல் பிடித்துக்கொள்வதற்காகச் சுருங்க முயன்றுகொண்டிருக்கையிலேயே உடலின் எடையால் இழுத்து நீட்டப்படுகிறது. இந்த வேலைக்கு ஆக்ஸிஜன் குறைவாகவே செலவாவதால் இதயமும் நுரையீரலும் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை; ஆனால் தசை நார்களுக்குள் நுண்ணிய சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. வலி மறுநாள்தான் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். வலுவிழப்பு அப்படிக் காத்திருப்பதில்லை, அன்றைக்கே, அந்த ஓட்டத்தின் நடுவிலேயே வந்துவிடுகிறது. பாஸ்டன் மாரத்தானில் 32-ஆவது கிலோமீட்டரைத் தாண்டியதும் வரும் ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்ற குன்று உலகப் புகழ் பெற்றது. அதன் நீளம் சுமார் 600 மீட்டர், உயரம் வெறும் 27 மீட்டர். தனியாகப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. அந்தப் பாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் தொடங்கி, முதல் 25 கிலோமீட்டரில் பெரும்பாலும் இறங்கிக்கொண்டே வருகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான், அத்தனை பேர் அந்தச் சிறு மேட்டில் தடுமாறுவது ஏன் என்று புரியும். உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து தீர்ந்துபோகும் நேரமும் அதுவே என்பது இன்னொரு காரணம்.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை மிக விரைவாகக் கற்றுக்கொள்கிறது. ஒரே ஒரு முறை ஓரளவு கடுமையான இறக்கத்துக்கு ஆளான தசை, சில வாரங்கள் கழித்து அதே வேலையைச் சந்திக்கும்போது முன்பைவிடக் குறைந்த சேதத்தோடும் வலியோடும் தப்பிக்கிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். ஆகவே மலையில்லாத இடத்தில் வசிப்பது உங்களுக்குப் பெரிய குறையே இல்லை. வாரந்தோறும் மலை ஏறி இறங்க வேண்டிய தேவை கிடையாது. முதல் நான்கு வாரங்கள் வீட்டிலேயே தொடங்குங்கள். ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, மற்ற காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று, நான்கு விநாடிகள் எடுத்து மெதுவாக இறங்குவதும், அதே நிதானத்தில் உட்கார்ந்து எழுவதும், குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவதும் வாரத்துக்கு இரண்டு நாட்கள் போதும். ஐந்தாவது வாரத்திலிருந்து மாடிப்படிகளைப் பயன்படுத்துங்கள். ஏறுவதற்கு வேண்டுமானால் மின்தூக்கியில் செல்லுங்கள், இறங்குவது மட்டும் காலால் நடக்கட்டும். பார்ப்பவர்கள் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள் என்பதைத் தவிர இதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஐந்து மாடிகளில் தொடங்கி, பத்து நாட்களுக்கு ஒரு முறை என்ற கணக்கில் கூட்டிக்கொண்டே போய், ஒரே அமர்வில் நாற்பது மாடிகள் இறங்கும் நிலையை எட்டினால் தொடைகள் பெரும்பாலும் தயார். ஏற்றத்துக்கு, சாய்வைக் கூட்டக்கூடிய டிரெட்மில்லில் வேகமாக நடந்தாலே போதும்.

இதைத் தவிர இரண்டு முறை மெய்யான குன்றுப்பகுதிக்குப் போய்வர முடிந்தால் போய்வாருங்கள்: ஒன்று போட்டிக்கு ஏழு வாரங்கள் இருக்கும்போது, மற்றொன்று மூன்று வாரங்கள் இருக்கும்போது. கடைசி இரண்டு வாரங்களில் கடுமையான இறக்கம் எதுவும் வேண்டாம், ஏனெனில் அப்போது ஏற்படும் சேதம் ஆறுவதற்கு நேரம் போதாது. நீண்ட ஓட்டங்களைக் கிலோமீட்டரால் அளக்காமல் நேரத்தால் அளந்து, இரண்டு மணியில் தொடங்கி, நடையும் ஓட்டமும் கலந்து நான்கு மணி நேரம் வரை கொண்டுசெல்லுங்கள். அதற்கு மேல் தேவையில்லை.

இறங்கும் முறையிலும் சிறிது கவனம் வேண்டும். பயப்படும் உடல் இயல்பாகவே பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டிக் குதிகாலால் பிரேக் போடுகிறது. தொடைக்கும் முழங்காலுக்கும் அதைவிடக் கெடுதலான பழக்கம் இல்லை. அடிகளைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி ஓடுங்கள். பார்வை காலடியில் இல்லாமல் மூன்று, நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். கைகள் சமநிலைக்காகச் சற்று விரிந்திருப்பது அழகாக இராது என்றாலும் பயனுள்ளது. கல்லும் வேரும் நிறைந்த செங்குத்தான இடங்களில் நடந்தே இறங்குங்கள்.

உங்கள் முழங்காலைப் பற்றி: படி இறங்கும்போது முன்பக்கத்தில் தோன்றும் வலி பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குப் பின்னால் உள்ள மூட்டிலிருந்து வருகிறது. இறங்கும்போது அந்த மூட்டின்மேல் விழும் அழுத்தம் கூடுவதே காரணம். தொடையும் இடுப்பும் வலுவானால் இவ்வகை வலி பலருக்கும் தணிந்துவிடுகிறது என்பதால், மேலே சொன்ன பயிற்சிகள் உங்களுக்கு மருந்தாகவும் அமையக்கூடும். பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமலும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் தொடருங்கள், இல்லாவிட்டால் படிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூட்டு வீங்குவதோ, மடக்கிய நிலையில் சிக்கிக்கொள்வதோ, நிற்கும்போது நழுவுவதோ இருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன்பே எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அதுபோலவே ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ, தலைசுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ இருந்திருந்தால் இதயப் பரிசோதனை முடியாமல் இந்தப் பாதையில் கால் வைக்காதீர்கள்.

ஏற்றத்தில் நடப்பதைப் பற்றி நீங்கள் கேட்ட விதத்தில் ஒரு கூச்சம் தெரிகிறது. அதை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். ஆல்பர்ட்டோ மினெட்டியும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் ஓடுவதற்குச் சமதளத்தைவிட ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் ஆற்றல் செலவாகிறது. அதே சரிவில் இறங்கும்போது மிச்சமாவது சுமார் ஐந்தில் இரண்டு பங்குதான். ஏற்றத்தில் கொடுத்ததை இறக்கம் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. அந்த மிச்சமும் வழவழப்பான டிரெட்மில்லில் அளந்தது. கரடுமுரடான பாதையில் இன்னும் குறையும். மிகச் செங்குத்தான இடங்களிலோ ஒரே வேகத்தில் உயரம் ஏறுவதற்கு ஓடுவதைவிட நடப்பதுதான் மலிவு. இத்தகைய போட்டிகளில் முன்வரிசையில் செல்பவர்களே தொடையில் கையை ஊன்றிக்கொண்டு நடப்பதைப் பார்ப்பீர்கள். எங்கே ஓடுவது, எங்கே நடப்பது என்பதை மூச்சே தீர்மானிக்கட்டும்: தோழியிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறவரை ஓடுங்கள், வாக்கியம் துண்டுபடத் தொடங்கியதும் நடையாக்குங்கள். இதயத்துடிப்பு மானியை இதற்கு நம்ப வேண்டாம், ஏற்றம் தொடங்கிச் சிறிது நேரம் கழித்துத்தான் அது உண்மையைச் சொல்லும். மூச்சு உடனே சொல்லிவிடும்.

நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாத எண் ஒன்று உண்டு. அது ஏழரை மணி நேரம் என்ற வரம்பு. அதற்குள் முடிப்போமா என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டிருந்தால் காட்சிகளை ரசிக்க முடியாது. ஆகவே இப்போதே கணக்குப் போட்டுத் தெளிந்துவிடுவோம். மலை நடைக்காக வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். இதைத் திருப்பிப் போட்டால், ஒரு மீட்டர் உயரம் ஏறுவது சமதளத்தில் ஏறக்குறைய எட்டு மீட்டர் செல்வதற்கு நிகராகிறது. உங்கள் 950 மீட்டர் ஏற்றம் 7.6 கிலோமீட்டர் ஆகிறது. மாரத்தானின் 42 கிலோமீட்டரோடு அதைச் சேர்த்தால், நீங்கள் ஓடப்போவது சமதளக் கணக்கில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கடைசி மாரத்தானில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஓடியிருக்கிறீர்கள். அந்த வேகம் கலையாமல் இருந்தால் ஐந்தரை மணி நேரம். மண்பாதை, வேலி வாயில்களைத் திறந்து மூடுவது, தண்ணீர் நிலையங்களில் நிற்பது, குன்றின் உச்சியில் நின்று பார்ப்பது, கடைசிப் பகுதியில் வரும் களைப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஆறு முதல் ஆறரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கையிருப்பாக இருக்கிறது. இடைப்பட்ட நிலையங்களுக்குத் தனி நேர வரம்புகள் இருக்கின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு அவற்றை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கைக்கடிகாரம் மணியை மட்டும் காட்டினால் போதும். குன்றுப்பாதையில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. ஏற்றத்தில் அது உங்களைத் திட்டும், இறக்கத்தில் பொய்யாகப் புகழும்.

மாரத்தானின் தூரத்தையே பாருங்களேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி மைதானத்தின் அரச இருக்கைக்கு முன்னால் முடியும்படி வகுத்த பாதையின் நீளம்தான் 42.195 கிலோமீட்டர், 1921-இல் அதையே நிலையான அளவாக ஏற்றுக்கொண்டார்கள். நாட்டுப்புறப் பாதைகளில் அந்த அளவு பெரும்பாலும் துல்லியமாக அமைவதில்லை, நாற்பத்து மூன்றாகவும் இருக்கும், நாற்பத்தொன்றரையாகவும் இருக்கும். உங்கள் பழைய 4 மணி 40 நிமிடத்தோடு இந்த நேரத்தை ஒப்பிட நினைத்தாலும் முடியாது என்பதை ஒரு சலுகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உணவு, நீர் விஷயத்தில் நிதானமாக ஓடுபவருக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி அளவே. ஆறு மணி நேரத்துக்கு அது போதாது. எனவே முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஏற்றத்தில் நடக்கும் நேரமே சாப்பிடுவதற்கு வசதியானது. பயிற்சியில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டும் கொண்டுசெல்லுங்கள். தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நிலையம் வந்துவிட்டதே என்பதற்காகக் குடிக்க வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் என்ற உப்புச்சத்து இயல்பைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுமே அதில் அதிகம் சிக்கினார்கள். தலைவலி, குமட்டல், குழப்பம் வந்து கைவிரல்களும் வீங்கியிருந்தால் மேலும் தண்ணீர் குடிக்காமல் மருத்துவ உதவியை நாடுங்கள். இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், நீண்ட ஓட்டத்தில் அவை சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடிப்பகுதியில் பிடிப்பு இருக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல்கள் முட்டி நகங்கள் கறுத்துவிடும். நகங்களை நான்கு நாட்களுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். உயரம் நூறு மீட்டர் கூடினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். அது பெரிதாகத் தெரியாது என்றாலும், வியர்வையில் நனைந்த உடலோடு உச்சியில் காற்றில் நிற்கும்போது குளிர் உறைக்கும். மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும் காற்றுச் சட்டை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். காதில் பாட்டு வேண்டாம் என்பது என் விருப்பம் மட்டுமே, விதி அன்று.

தோழியைப் பற்றிக் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். சேர்ந்து ஓடும் இருவரில் ஒருவர் ஏற்றத்தில் விரைவாகவும் மற்றவர் இறக்கத்தில் விரைவாகவும் இருப்பது வழக்கம். இருவரும் எல்லா நேரமும் ஒட்டிக்கொண்டே ஓட முயன்றால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். ஒவ்வோர் உச்சியிலும் ஒவ்வோர் அடிவாரத்திலும் முன்னால் வந்தவர் நின்று காத்திருப்பது என்று முன்பே பேசிவையுங்கள். இருவரில் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் தொடரலாமா என்பதையும் தொடக்கக் கோட்டுக்கு வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. முப்பதாவது கிலோமீட்டரில் அந்த உரையாடல் இனிமையாக இராது.

முடிந்தபின் இரண்டு, மூன்று நாட்கள் படி இறங்கக் கைப்பிடி தேவைப்படும். அது இயல்பு. வலி தாங்க முடியாததாகி, சிறுநீரும் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது தசை சிதைவின் அறிகுறி; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உங்கள் மகளைப் பகல் 1 மணிக்கு முடிவுக்கோட்டில் இருக்கச் சொல்லுங்கள். 1.30 வரை நீங்கள் வராவிட்டால் பதற வேண்டாம் என்றும், 2.30-தான் கடைசி நேரம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வரும்போது உலர்ந்த மாற்றுச் சட்டை ஒன்றும், குனியாமலே காலை நுழைத்துக்கொள்ளக் கூடிய தொளதொளப்பான செருப்பு ஒரு ஜோடியும் எடுத்துவரட்டும். காரை அவளே ஓட்டட்டும்.